புடிங்கடி அவள

செத்த வீட்டு அழுகைக்கு இடுப்பை ஆட்டுகிற ஜனங்களை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்தேன். எண்பத்தைந்தில், மலேசியாவில், ஈப்போவில், தெருத்தெருவாகப் பார்த்தேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

முதலில் அதைக் கேட்டது பஸ்ஸில். அம்மாவைக் கூட்டிக்கொண்டு புந்தோங்கிலிருந்து பசாருக்கு மீன் வாங்கப் போய்க்கொண்டிருந்தேன். டிரைவர் ஒரு புதுக் கேசட்டை எடுத்துச் சொருகினான். எடுத்த எடுப்பில் ஒரு பெண்ணின் குரல் வந்தது. மேளமில்லை, தாளமில்லை, வயிற்றிலிருந்து பிடுங்கி எடுத்த குரல். "நான் பெத்த ராசா... ஏ ராசா..." அது அடங்குவதற்குள் 'டம்' என்று டிரம் இறங்கியது. கிடார் வந்தது. ஓர் ஆண்குரல் ஈப்போ ரோட்டு ராணியை டான்ஸ் ஆடக் கூப்பிட்டது. பின்சீட்டுப் பையன்கள் விசிலடித்தார்கள்.

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். நகம் சதையில் பதிந்தது.

"மங்களம், அது நாந்தானடி?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் பாட்டின் நடுவே இன்னொரு பெண் கத்தினாள். "புடிங்கடி அவள! புடிங்கடி!" அது மாரியம்மா சித்தியின் குரல். என் தம்பி பத்துமலையைக் கிடத்தியிருந்த பெட்டியில் அம்மா தலையை மோதிக்கொள்ளப் போனபோது சித்தி போட்ட கூச்சல். பஸ்ஸில் இருந்த பையன்கள் அந்த இடத்துக்காகவே காத்திருந்தவர்கள் போல ஒரே குரலில் சேர்ந்து கத்தினார்கள். "புடிங்கடி அவள!" கத்திவிட்டுச் சிரித்தார்கள்.

அம்மா மணியை அடித்து நடுவழியில் இறங்கிவிட்டாள். அன்றைக்கு நாங்கள் மீனும் வாங்கவில்லை, ஒன்றும் வாங்கவில்லை. வெயிலில் நடந்தே வீட்டுக்குத் திரும்பினோம்.

அந்த அழுகை கேசட்டில் ஏறிய கதையைச் சொல்கிறேன். நாங்கள் பத்து காஜா பக்கம் கிளாடிஸ் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய குடும்பம். அப்பாவுக்குச் சிவப்பு அடையாள அட்டை, குடியுரிமை கிடையாது. அறுபத்தொன்பது கலவரத்துக்கு மறு வருஷம் வேலை பெர்மிட் கிடைக்காமல் அவரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கே பிறந்த நாங்கள் இங்கேயே நின்றுவிட்டோம். அவர் துறையூர்ப் பக்கம் போய் ஒண்டிக்கட்டையாகக் கிடந்தார். பிறகு தம்பி, ஈயம் தோண்டிவிட்டுப் போன குட்டையில் குளிக்கப் போய் முழுகிச் செத்தான். அப்பாவால் மகன் முகத்தைப் பார்க்க வர முடியாது. சத்தமாவது அவருக்குப் போய்ச் சேரட்டும் என்று லயத்து வரிசை வீடுகளில் பேசி முடிவு செய்தோம். இந்தியாவில் ஆள் இருந்த வீடுகளில் அப்போது அதுதான் வழக்கம். சாவு வீட்டு அழுகையைக் கேசட்டில் பிடித்து அனுப்புவோம். அங்கே இருப்பவர்கள் அதைப் போட்டு வைத்துச் சுற்றி உட்கார்ந்து சேர்ந்து அழுவார்கள்.

எங்கள் லயத்தில் ரெக்கார்டர் வைத்திருந்தவன் சவரிநாதன். ரோசரி அக்காவின் மகன், பத்துமலையின் கூட்டாளி. இருவரும் சேர்ந்து மாதா கோயில் திருவிழாவிலும் மாரியம்மன் திருவிழாவிலும் பாடுவார்கள். சவரிதான் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து பிடித்துக் கொடுத்தான். கேசட் அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் தினமும் அதைப் போட்டுக் கேட்டார் என்று சொன்னார்கள். மறு வருஷம் அவரும் போய்விட்டார். சவரி தனக்கென்று இன்னொரு கேசட்டில் அதை எடுத்து வைத்திருந்தது எங்களுக்குத் தெரியாது. தோட்டம் துண்டு துண்டாக விலை போனதும் நாங்கள் புந்தோங்குக்கு வந்தோம். நான் தையல் தொழிற்சாலையில் சேர்ந்தேன். சவரி கோலாலம்பூருக்குப் போனான். போனவன் 'சவரி ராஜ்' ஆனான். 'இடி முழக்கம்' என்று கேசட் போட்டான். நாடு முழுக்க அது ஓடியது. அந்தக் கேசட்டைத் தூக்கிக்கொண்டு கிள்ளான், சிரம்பான், பினாங்கு என்று ஊர் ஊராக மேடை போட்டான். ஈப்போ ஸ்டேடியத்துக்கு வருகிறான் என்று எங்கள் தெரு விளக்குக் கம்பத்தில்கூட அவன் படம் தொங்கியது. வெள்ளிச் சட்டையும் விரித்துவிட்ட தலையுமாக, பல்லைக் காட்டிக்கொண்டு தொங்கினான்.

பாட்டுத் திருட்டு என்றால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. பாட்டு யாருடையதாக இருந்தால் என்ன. இவன் எடுத்தது என் தம்பியின் சாவை. கல்யாண மண்டபத்தில் என் தம்பியின் சாவு ஓடியது. பிறந்தநாள் வீட்டில் கேக் வெட்டும்போது ஓடியது. எதிர்க் கோப்பிக்கடையில் விடிந்ததிலிருந்து கடை சாத்தும்வரை ஓடியது. பக்கத்து வீட்டு எல்ஸி ஒரு நாளில் எத்தனை முறை போட்டாள் என்று அவளுக்கே தெரியாது. நான் போய்ச் சொன்னேன்.

"எல்ஸி, அந்தக் கேசட்ல அழுவுறது எங்கம்மா. எந் தம்பி செத்தப்ப அழுதது. போடாத, புண்ணியமாப் போவும்."

"அய்யோ அக்கா, சும்மா சொல்லாதீங்க லா. அப்ப ஒங்கம்மா பெரிய ஸ்டாராச்சே!"

இதே பதில்தான் எல்லா இடத்திலும். கோப்பிக்கடைக்காரன் சிரித்தான். தொழிற்சாலையில் பெண்கள் சிரித்தார்கள். பிறகு என்னைப் பார்த்ததும் வேண்டுமென்றே "புடிங்கடி அவள" என்றார்கள்.

அம்மா யாரிடமும் சண்டை போடவில்லை. அவள் செய்தது ஒன்றே ஒன்று. பாட்டுச் சத்தம் காதில் விழுந்ததும் அடுப்பை அணைத்துவிடுவாள். பிணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு அடுப்பு மூட்டுவதில்லை, அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அழுகைச் சத்தம் கேட்கிற வரைக்கும் பிணம் எடுக்கவில்லை என்றுதான் கணக்கு. அரிசி பாதி வெந்திருந்தாலும் சரி, குழம்பு கொதித்துக்கொண்டிருந்தாலும் சரி, அணைத்துவிட்டுச் சுவரோரமாகப் போய் உட்கார்ந்துகொள்வாள். நான் மூட்டினால் மறுபடி அணைப்பாள். கடையிலிருந்து வாங்கி வந்து கொடுத்தால், "எடுக்காத பொணத்த வச்சிக்கிட்டு எப்படிடி முழுங்குறது?" என்பாள்.

பாட்டு ஓய்ந்தால்தானே அடுப்பு எரியும்? பாட்டு எங்கே ஓய்ந்தது? அம்மாவின் கழுத்தெலும்பு வெளியே தெரிய ஆரம்பித்தது. ரவிக்கை தொளதொளவென்று தொங்கியது. டாக்டர் சத்து ஊசி போட்டார். ஊசிக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? பசியால் என் கண்ணெதிரே அவள் செத்துக்கொண்டிருந்தாள், சுற்றிலும் ஜனம் ஆடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை மதியம் நேராக ஸ்டேடியத்துக்குப் போனேன். மறுநாள் பிற்பகல் கச்சேரி. மேடையில் கம்பியும் வயரும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். சவரி மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் மேடையிலிருந்து குதித்து ஓடிவந்தான்.

"மங்களம் அக்கா! எத்தன வருஷமாச்சு! அம்மா எப்படி இருக்காங்க?"

"சாவப் போறா. நீதான் கொல்ற."

அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. அவன் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி நான் கேட்டேன். எங்கள் வீட்டுச் சாவை எவனைக் கேட்டு எடுத்தாய் என்றேன். பத்துமலை உனக்குக் கூட்டாளியா, வியாபாரத்துக்கு முதலா என்றேன். வயர் இழுத்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"அக்கா, கெட்ட எண்ணத்துல செய்யல. சத்தியமா. அந்தக் குரல் என் காதுலயே இருந்துச்சு. அத மறக்க முடியாமத்தான் ஸ்டூடியோவுல போட்டுக் காட்டுனேன். கேட்டவங்க எல்லாம் ஆடிப் போய்ட்டாங்க."

"யாரு செத்ததுன்னு கேட்டானா அதுல எவனாச்சும்?"

அவன் மேடைப் பக்கம் திரும்பப் பார்த்தான், நான் விடவில்லை.

"அத எடுத்துட்டுப் பாடு. நாளைக்கு அந்தச் சத்தம் வரக்கூடாது."

அப்போது அவனுடைய மேனேஜர் சதாசிவம் வந்து சேர்ந்தார். கழுத்தில் தங்கச் சங்கிலி, கையில் கட்டுக் கட்டாக டிக்கெட்.

"தங்கச்சி, அந்த அழுக இல்லாட்டி இது பத்தோட பதினொண்ணு. ஜனங்க அதுக்குத்தான் வாராங்க. புரிஞ்சிக்குங்க லா."

"எங்கம்மா சோறு தின்னு எத்தன நாளாச்சு தெரியுமாய்யா?" என்று கேட்டேன். பிறகு சவரியின் பக்கம் திரும்பினேன். "ஏன் திங்கலன்னு நீ சொல்லுடா. பொணம் வீட்டுல கெடக்கையில எவடா அடுப்பு மூட்டுவா?"

அது அவனைத் தொட்டது. வாயைப் பொத்திக்கொண்டான். அவனும் லயத்துப் பிள்ளைதான், விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இறங்கி வந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். அந்த நேரம் பார்த்துச் சதாசிவம் வாயைத் திறந்தார்.

"அம்மாவ மேடைக்குக் கூட்டிட்டு வாங்களேன். பொன்னாடை போத்தி மரியாத பண்ணிருவோம். பேப்பர்ல போட்டோ வரும்."

சவரியின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. "ஆமாக்கா! அதான் சரி! இத்தன நாளு யார் குரல்னே யாருக்கும் தெரியாது. நான் எல்லார் முன்னாடியும் சொல்றேன். நானே என் கையால போத்துறேன். அம்மாவுக்கும் மனசு ஆறும்."

அவன் நடிக்கவில்லை. அதுதான் என்னை இன்னும் எரித்தது. மரியாதை செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அந்த மடையன் மனதார நம்பினான். அழுகிறவள் மேல் புதுத்துணி போர்த்துவது எந்த வீட்டில் நடக்கும் என்பதுகூட அவனுக்கு மறந்துவிட்டது. முன்வரிசை டிக்கெட்டை என் கையில் திணித்தான். நான் அதை அவன் காலடியிலேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொட்டித் தீர்த்தேன். அவள் சுவரோரம் உட்கார்ந்தபடி முழுவதையும் கேட்டாள். எல்ஸி வீட்டில் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"போலாம்" என்றாள்.

"எங்க?"

"கச்சேரிக்கு. கூப்புட்டு விட்டிருக்கான்ல."

"அம்மா, ஒனக்கென்ன பைத்தியமா? பொன்னாடை போத்துறானாம், பொன்னாடை!"

"போத்தட்டும்" என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டேடியம் நிரம்பி வழிந்தது. தஞ்சோங் ரம்புத்தானிலிருந்தும் பாரிட் புந்தாரிலிருந்தும்கூட லாரி பிடித்து வந்திருந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்கள், புதுத்தாலி மின்ன வந்தவர்கள், வயிற்றுப் பிள்ளையோடு வந்தவள் ஒருத்தி. வாசலில் என் பெயரைச் சொன்னதும் எங்களை முன்வரிசைக்குக் கூட்டிப் போனார்கள். அம்மா வெளுத்த நூல் சேலையில் இருந்தாள். எங்களைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள்.

சவரி நன்றாகவே பாடினான். நன்றாகப் பாடாமலிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கடைசியில் விளக்கை அணைத்தார்கள். எல்லாருக்கும் என்ன வரப்போகிறது என்று தெரிந்திருந்தது. ஒரு பெரிய மூச்சு இழுத்தது போலக் கூட்டம் அமைதியானது.

"நான் பெத்த ராசா... ஏ ராசா..."

அவ்வளவு பெரிய ஸ்பீக்கரில் நான் அதைக் கேட்டதில்லை. அன்றைய லயத்து முற்றம், ஊதுபத்தி, ஈரம் காயாத தம்பியின் தலைமுடி எல்லாம் வந்து என் நெஞ்சில் உட்கார்ந்தன. டிரம் விழுந்தது. வெளிச்சம் சுழன்றது. ஆயிரக்கணக்கான ஜனம் நாற்காலிமேல் ஏறி ஆடியது. "புடிங்கடி அவள!" என்று ஸ்டேடியமே கத்தியது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். அம்மா பொத்தவில்லை.

பாட்டு முடிந்ததும் சவரி கையை உயர்த்தினான். "இந்தக் குரல் யாருதுன்னு எல்லாரும் கேட்டீங்க. இந்தா, இங்க இருக்காங்க! எங்க தோட்டத்து நல்லம்மா அம்மா!"

அவன் சொன்னது அவ்வளவுதான். எதற்காக அழுதாள் என்று சொல்லவில்லை. பத்துமலை என்ற பெயர் அவன் வாயில் வரவில்லை. கைதட்டல் கூரையைப் பிய்த்தது. நான் அம்மாவைக் கைத்தாங்கலாக மேடையேற்றினேன். அம்மாவின் அழுகையை மறுபடி மெதுவாக ஓடவிட்டார்கள், அழகுக்காக. சவரி சரிகைப் பொன்னாடையை விரித்து அம்மாவின் தோளில் போர்த்திக் காலைத் தொட்டுக் கும்பிட்டான். பளீர் பளீரென்று போட்டோ எடுத்தார்கள்.

அம்மா பொன்னாடையைத் தோளிலிருந்து எடுத்தாள். உதறினாள். மேடை ஓரத்தில் நீளமாக ஒரு கறுப்பு ஸ்பீக்கர் பெட்டி கிடந்தது. அவள் குரல் அதிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அதன்மேல் பொன்னாடையைத் தலையிலிருந்து கால்வரை விரித்து, மடிப்பு நீவி, மூடிவிட்டாள். பிணத்துக்குக் கோடித்துணி போர்த்துகிற கை எப்படிப் போகும் என்று தெரிந்தவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்கள் கைதட்டல் நின்றது. பின்னால் இருந்தவர்கள் தோட்டத்துக் கிழவிக்கு விவரம் தெரியவில்லை என்று சிரித்தார்கள்.

சவரி சங்கடமாக மைக்கை நீட்டினான். "அம்மா, ரெண்டு வார்த்த சொல்லுங்க."

அம்மா மைக்கை வாங்கினாள்.

"என் பேரு நல்லம்மா. இப்ப நீங்க கேட்டது என் சத்தந்தான். எம் மவன் பத்துமலை குட்டையில முழுகிச் செத்துட்டான். பொட்டியில வச்சிருந்தப்ப நான் அழுதது அது. புடிங்கடின்னு கத்துனது என் தங்கச்சி. நான் பொட்டியில மண்டைய மோதிச் சாவப் போனேன். அதான் புடிக்கச் சொன்னா."

அதே குரல். கேட்ட ஒருவருக்கும் சந்தேகம் வந்திருக்காது. சிரிப்பு வரிசை வரிசையாக அணைந்தது. டேப்பை யாரோ நிறுத்தினார்கள். சீன டிரம்மர் மட்டும் பக்கத்திலிருந்தவனிடம் என்ன என்ன என்று மலாயில் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நீங்க தெரியாமத்தான் ஆடுனீங்க. ஒங்க மேல குத்தமில்ல" என்றாள் அம்மா. "ஆனா எழவு வீட்டுக்கு வந்துட்டீங்க. யாரும் நேரா வீட்டுக்குள்ள போயிறாதீங்க. குளிச்சிட்டுப் போங்க. கைப்புள்ளய இப்பத் தொடாதீங்க, குளிச்சப்புறம் தூக்குங்க. புள்ளத்தாச்சி யாராச்சும் இருந்தா மொதல்ல அனுப்பிவிடுங்க. கேசட்ட வீட்டுல போட்டவங்க வீட்டக் கழுவி விட்டுருங்க."

பிறகு சவரியின் பக்கம் திரும்பினாள்.

"நீயும் குளி, சவரி. அன்னைக்கு நீ குளிச்சிட்டுத்தான் உள்ள போன. ரோசரி வாசல்ல தண்ணி வச்சிருந்தா. நான் பாத்தேன்."

மைக்கை அவன் கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள்.

முதலில் அந்த வயிற்றுப் பிள்ளைக்காரிதான் எழுந்தாள். அவள் புருஷன் அவளை அணைத்தபடி, ஆனால் வயிற்றில் கை படாமல் வெளியே கூட்டிப் போனான். பிறகு ஒரு வரிசை எழுந்தது. பிறகு எல்லாரும். சதாசிவம் மேடையில் நின்று, "இன்னும் பாட்டு இருக்கு லா! உக்காருங்க லா!" என்று கத்தினார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கூட வந்தவர்களைப் பிரிந்து போனவர்கள்கூடப் போய்ட்டு வாரேன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. எழவு வீட்டிலிருந்து அப்படிச் சொல்லிக்கொண்டு போவதில்லை.

வெளியே ஸ்டேடியத்தின் பின்புறக் குழாயில் ஜனம் மொய்த்தது. கால் கழுவினார்கள், தலையில் தெளித்துக்கொண்டார்கள். பஸ்ஸில் விசிலடிக்கிற வயதுப் பையன்கள்தான், சத்தம் காட்டாமல் வரிசையில் நின்றார்கள். எல்ஸியும் அங்கே இருந்தாள். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அவளைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்க வாய் துடித்தது. அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

கேட் அருகே போய்த் திரும்பிப் பார்த்தேன். கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. சவரி குழாயடிக்கு வந்திருந்தான். வெள்ளிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் குழாயடியில் குந்தித் தலையை நீட்டினான். விரித்துவிட்ட முடி முகத்தில் ஒட்டிக்கொண்டது. அவன் தோள் குலுங்கியது. அழட்டும். எனக்கு அப்போதும் கோபம் ஆறவில்லை, இன்றைக்கும் ஆறவில்லை.

வீட்டு வாசலுக்கு வெளியே நான் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். அம்மா சேலையோடு தலைக்கு ஊற்றிக்கொண்டாள். நானும் ஊற்றிக்கொண்டேன். தெருவில் ஒரு வீட்டிலும் பாட்டு இல்லை. எல்ஸி வீட்டில் தரை கழுவுகிற சத்தம் கேட்டது.

ஈரத்தலையோடு அம்மா அடுப்படிக்குப் போனாள். அரிசியைக் களைந்து போட்டுவிட்டு, அடுப்பின் முன் அப்படியே நின்றாள்.

"அவன் குளிச்சானாடி?"

"குளிச்சான்மா. சட்டையோட."

"சரி" என்றாள். "நெருப்புப் பொட்டிய எடு."